கல்லோடு வந்த மீன்

"இனிமேல் இந்தத் தொட்டிக்குள் என் கையால் புதிதாக ஓர் உயிரைக்கூட விடமாட்டேன்! இது சத்தியம்!"

ஆர்லன் இப்படிச் சபதம் செய்தபோது கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வரவேற்பறையில் நின்றிருந்தான். காலடியில் கம்பளம். கம்பளத்தின்மேல் உப்புத் தண்ணீர். தண்ணீரின்மேல், மார்லிஸ் அன்றுதான் தைத்து முடித்திருந்த ஒட்டுத்துணிப் போர்வை.

நடந்தது இதுதான். புதிதாக ஒரு நட்சத்திர மீன் வாங்கி வந்திருந்தான். அதை விடுவதற்கு முன் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுக்கவேண்டும். குழாயின் ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையை வாளியிலும் போட்டான். அந்த நேரம் பார்த்து நண்பன் ஐவர் தொலைபேசியில் கூப்பிட்டான். பேச்சு பவளங்களைப் பற்றி. பவளம் என்றால் ஆர்லனுக்கு வாளி ஞாபகம் இருக்காது.

"சத்தியத்தை மீறினா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"மீறினா தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிடறேன்."

"நீ சொன்னா சரி."

அவ்வளவுதான். அவள் கத்தவில்லை. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டூலூத் ஊரில் யாரும் கத்தமாட்டார்கள். எதையும் மோசம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். "வித்தியாசமா இருக்கே" என்பார்கள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. மார்லிஸ் போர்வையைத் தூக்கிப் பிழிந்தாள். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட அதைப் பார்த்தாள்.

"வித்தியாசமா இருக்கே," என்றாள்.

ஆர்லன் துடைக்கத் துணி தேடி ஓடினான்.

அந்தத் தொட்டி அவனுக்கு உயிர். வெளியே பெரிய ஏரி உறைந்து கிடக்கும். ஆர்லன் நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். பகலெல்லாம் வெள்ளையைத் தவிர வேறு நிறமே கண்ணில் படாது. வீட்டுக்கு வந்தால், வரவேற்பறையின் பெரிய ஜன்னலோரம் ஒரு குட்டிக் கடல் வெதுவெதுப்பாகக் காத்திருக்கும். மூளை மாதிரி ஒரு பவளம், காலிஃபிளவர் மாதிரி ஒரு பவளம், காற்றே இல்லாமல் தலைமுடியை ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு பவளம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் ஒரு ஜோடி. பெண்மீன் பெரிது, முன்னால் போகும். ஆண்மீன் சிறிது, பின்னாலேயே போகும். "இதுங்க புருஷன் பெண்டாட்டி" என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வான். எது எது என்று மட்டும் சொல்லமாட்டான்.

கீழ்த்தளத்தில் மார்லிசின் போர்வைத் தையல் இயந்திரம் இருந்தது. படகு நீளம் இருக்கும். அங்கே சின்ன ஜன்னல். அதையும் பனி மூடியிருக்கும். கம்பளிக் காலுறை இரண்டு சோடி, விரல்நுனி வெட்டிய கையுறை, தலைக்குமேல் ஒரே ஒரு விளக்கு. இந்தக் கோலத்தில் அவள் தைத்தாள். வரவேற்பறை ஜன்னலைத் தனக்குக் கொடு என்று அவள் கேட்டதே இல்லை. ஒருமுறை மட்டும் தொட்டிப் பக்கம் நின்று, "இங்க வெளிச்சம் நல்லா இருக்கு," என்றாள். அந்த ஊர்க் கணக்கில் அது காலில் விழுந்து கெஞ்சியதற்குச் சமம். ஆர்லன், "ஆமா, பாசிதான் கொஞ்சம் பிடிக்குது," என்று பதில் சொன்னான்.

சபதம் சில வாரம் தாங்கியது. பிறகு ஐவர் காப்பி குடிக்க வந்தான். ஐவர்தான் ஊர்ப் பவளம் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர்.

"ஏம்ப்பா, வசந்தத்துக்குள்ள சங்கத்து ஆளுங்க உன் வீட்டுக்கு வருவாங்க. போன வருஷம் பார்த்ததையேவா மறுபடி காட்டப்போற?"

"சத்தியம் பண்ணிட்டேனே."

"என்னன்னு?"

"புதுசா ஒரு உயிரையும் விடமாட்டேன்னு."

ஐவர் சிரித்தான். "கல்லு உயிரா?"

ஆர்லன் கோப்பையைக் கீழே வைத்தான்.

பவளம் வளர்ப்பவர்கள் தொட்டியில் போடுவது சாதாரணக் கல் அல்ல. கடலுக்குள் கிடந்து ஓட்டை ஓட்டையாகப் போன பாறை. வாங்கும்போது வெறும் கல்தான். போட்ட கொஞ்ச நாளில் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு நத்தை வரும், ஒரு புழு எட்டிப் பார்க்கும், எள் அளவு நண்டு ஒன்று நடந்து போகும். யாரும் வாங்காமலே வருகிற விருந்தாளிகள்.

"நீ கல்லை வாங்கு," என்றான் ஐவர். "கல்லோட எது வந்தாலும் அது உன் குற்றமா? எங்க வீட்டுல பாதி உயிர் அப்படி வந்ததுதான். என் பெண்டாட்டி சோல்வெய்க் இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. வீட்டுல ஆம்பிளை சொல்றதுதான் சட்டம்னா இப்படித்தான்."

மறுநாளே ஆர்லன் ஒரு கல் வாங்கினான். கல்லோடு சிவப்புக்கால் நண்டு ஒன்று "வந்தது". அடுத்த கல்லோடு பச்சைப் பவளம் "வந்தது". அதற்கடுத்த கல்லோடு ஊதா நிறத்தில் விசிறி மாதிரி ஒன்று. ஒவ்வொன்றையும் மார்லிஸ் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் வியந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். மார்லிசுக்குக் கார் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வண்டியை மோதிவிட்டவர்கள் அவளிடம்தான் தொலைபேசியில் கதை சொல்வார்கள். "நான் நேராத்தாம்மா போனேன், மரம்தான் ரோட்டுக்கு வந்துச்சு" என்று ஒருவன் சொல்வான். மார்லிஸ் சிரிக்கமாட்டாள். மறுக்கமாட்டாள். "எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?" என்று அன்பாகக் கேட்பாள். அவன் சொல்லச் சொல்ல நம்பிக்கொண்டே போவாள். கடைசியில் அவன் தன் கதைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வர வழி கேட்பான்.

ஆர்லனுக்கு இது தெரியும். அவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறான். ஆனால் மரத்தில் மோதினவனும் நாமும் ஒன்றா என்ற எண்ணம்.

அந்தத் தைரியத்தில்தான் மஞ்சள் மீனை வாங்கினான். உள்ளங்கை அகலம். எலுமிச்சை மஞ்சள். தொட்டியில் விட்டதும் அறைக்கே விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

"ஆர்லன், இது என்ன?"

"எது?"

"அந்த மஞ்சள். சாசர் மாதிரி."

"ஓ, அதுவா? கல்லோட வந்திருக்கும்."

"கல்லுக்குள்ள இருந்துச்சா?"

"குட்டியா ஓட்டைக்குள்ள இருந்திருக்கும்."

"அந்தக் கல்லே என் கைப்பை அளவுதானே?"

"அது... சுருண்டு இருந்திருக்கும்."

"மீன் சுருளுமா?"

"மஞ்சள் மீன் சுருளும்."

மார்லிஸ் தொட்டியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தாள். "தெரியாமப் போச்சே. இப்படி எது வேணாலும் வருமா?"

"எது வேணாலும் வரும். கடல் இல்லையா!"

"யாரும் விடாமலே?"

"யாரும் விடாமலே."

"நல்ல கல்லு," என்றாள் மார்லிஸ். கீழே தைக்கப் போய்விட்டாள். அன்று ஆர்லன் குளிக்கும்போது பாடினான்.

அந்த வார நடுவில் ஒரு மாலை. பனி தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தவன் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றான். காலிஃபிளவர்ப் பவளத்துக்குப் பின்னாலிருந்து நீலமாக ஒரு பொறி பறந்தது. கட்டைவிரல் அளவு மீன். அடுப்புத் தீயின் நீலம்.

ஆர்லன் அதை வாங்கவில்லை.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தான். நீலம் இருந்தது. அவனையே முறைத்துக்கொண்டும் இருந்தது.

"மார்லிஸ்!" என்று கூப்பிட்டான்.

"என்ன?"

"இங்க ஒரு..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினான். இந்த மீன் எப்படி வந்தது என்று கேட்கவேண்டும். கேட்டால், மீன் தானாக வராது என்று ஆகும். அப்படி ஆனால், மஞ்சள் எப்படி வந்தது? விசிறி? நண்டு?

மார்லிஸ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அட, நீலம்! கல்லோட வந்திருக்கும், இல்ல?"

"...வந்திருக்கும்."

"சுருண்டு?"

"...சுருண்டு."

"நல்ல கல்லு, ஆர்லன். இறைச்சி ஹாட்டிஷ் சூடு ஆறுது, சாப்பிட வா."

அந்த நீலத்துக்கு டாம்செல், அதாவது கன்னிப்பெண், என்று பெயர். பெயர் மட்டும்தான் நாசூக்கு. குணம் ரவுடி. மறுநாள் காலைக்குள் தொட்டி முழுதும் தன்னுடையது என்று அது முடிவு செய்துவிட்டது. மஞ்சள் மீனைத் துரத்தி ஒரு மூலையில் நிற்க வைத்தது. கோமாளி ஆண்மீன் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. மனைவி தண்ணீர்க் குழாயின் பின்னால் ஒளிந்தது. பிறகு டாம்செல் பள்ளம் தோண்டத் தொடங்கியது. வாய் வாயாக மணலை அள்ளிப் பவளங்களின் தலையில் கொட்டியது. பவளங்கள் எல்லாம் சுருங்கி, மழையில் நனைந்த பலகாரம் மாதிரி ஆகிவிட்டன. மணலைத் துடைக்கலாம் என்று ஆர்லன் கையை விட்டான். கையைக் கடித்தது.

சங்கத்து ஆட்கள் வர ஒரு வாரம்தான் இருந்தது. ஆர்லன் ஐவரைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"டாம்செல்லா? அதை எந்த மடையன் விட்டது?"

"கல்லோட வந்துச்சு."

"என்கிட்டயேவா?"

"நிஜமாவே, ஐவர்! நான் விடல!"

"சரி சரி. வலையெல்லாம் வேலைக்கு ஆகாது, தெரியும்ல? கல்லுக்குள்ள பூந்துக்கும். டாம்செல்லைப் பிடிக்கணும்னா தொட்டியையே காலி பண்ணணும்."

ஆர்லனுக்கு ரோஷம் வந்தது. உறைந்த ஏரியில் துளை போட்டு, கை நீளத்துக்கு மீன் பிடிக்கிறவன் அவன். கட்டைவிரல் அளவு மீனை வரவேற்பறையில் பிடிக்கமுடியாதா? பனி மீன்பிடிக்கும் மடக்கு முக்காலியைத் தொட்டி முன்னால் போட்டான். குட்டைத் தூண்டிலை எடுத்தான். காயம் படாதபடி கொக்கியின் முள்ளை அரத்தால் தேய்த்தான். இறால் துண்டைக் கோத்தான். பழக்க தோஷத்தில், காதை மூடும் கம்பளித் தொப்பியையும் போட்டுக்கொண்டான்.

மார்லிஸ் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "கடிக்குதா?" என்று கேட்டாள். உறைந்த ஏரியில் ஒருவர் மீன்பிடிக் குடிலை ஒருவர் கடந்துபோகும்போது கேட்கும் அதே கேள்வி, அதே குரல்.

"இப்பத்தான் போட்டிருக்கேன்."

சனிக்கிழமை காலை முழுதும் உட்கார்ந்தான். டாம்செல் இறாலை மட்டும் பக்குவமாக உருவிச் சாப்பிட்டது. கொக்கி ஒருமுறை பவளத்தில் மாட்டியது. ஒருமுறை ஆர்லனின் சட்டைக் கையில் மாட்டியது. அதைக் கழற்ற மார்லிஸ்தான் வரவேண்டியிருந்தது.

"பெரிய மீனாத்தான் மாட்டியிருக்கு," என்றாள்.

ஆர்லன் தொப்பியைக் கழற்றி எறிந்தான். தொட்டியைக் காலி செய்தான்.

தண்ணீர் டப்பாக்களில். கற்கள் வாளி வாளியாக. பவளங்கள் சமையலறைப் பாத்திரங்களில். கோமாளித் தம்பதி சாலட் கிண்ணத்தில். கடைசிக் கல்லையும் தூக்கியபின், ஒதுங்க இடமில்லாமல் நின்ற டாம்செல்லை ஆர்லன் ஒரு காப்பிக் கோப்பையால் மொண்டான். வாளியில் போட்டான். வெற்றிதான். ஆனால் வரவேற்பறை துறைமுகம் மாதிரி இருந்தது. நடுவில் காலித் தொட்டி.

மார்லிஸ் டப்பாக்களுக்கு நடுவில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாவம் ஆர்லன் நீ. எல்லாத்தையும் மறுபடி இங்கேயே அடுக்கணும்."

"ஆமா."

"இந்த ஜன்னல் வெயிலுக்குத்தானே பாசி பிடிக்குதுன்னு சொல்லுவ?"

"ஆமா. வெயில் படாத இடம்னா பாசி வராது."

"ஓ. தண்ணி எடுத்து ஊத்தறதும் கஷ்டம்தான். சாக்கடைத் துளை எங்கேயோ இருக்கு."

"கீழ்த்தளத்துலதான் இருக்கு."

"ஓ. இங்க ஒழுகினாலும் கம்பளம் போயிடும்."

"கீழ சிமெண்டுத் தரை," என்றான் ஆர்லன் யோசனையாக. "ஒழுகினாலும் ஒண்ணும் ஆகாது."

"ஓ."

வாளிக்குள் டாம்செல் துள்ளியது.

"மார்லிஸ், தொட்டியைக் கீழ இறக்கிட்டா என்ன?"

"ஐயோ, வேண்டாம்! உனக்கு ஜன்னல்னா எவ்வளவு பிடிக்கும்!"

"இல்ல, நான் சொல்றதைக் கேளு. காலியா இருக்கும்போதுதான் நகர்த்த முடியும்."

"நீ சத்தியத்தை ஒண்ணும் மீறலையே, ஆர்லன். எதுக்கு இறக்கணும்?"

ஆர்லன் சட்டென்று எழுந்தான். "சத்தியத்துக்காக இல்ல! வசதிக்காகச் சொல்றேன்! நான் முடிவு பண்ணிட்டேன்."

"நீ முடிவு பண்ணினா நான் என்ன சொல்றது? ஆனா கீழ இடம் ஏது? என் மிஷின் இருக்கே."

ஆர்லன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பெருந்தன்மையோடு கையை விரித்தான். "அதைத் தூக்கி இங்க ஜன்னலோரம் போட்டுக்கோ. வெளிச்சம் நல்லா இருக்கும்."

"நிஜமாவா? எனக்குத் தோணவே இல்ல பாரு," என்றாள் மார்லிஸ்.

ஐவர் உதவிக்கு வந்தான். இரண்டு பேருமாகத் தொட்டியை மூச்சு வாங்க வாங்கக் கீழே இறக்கினார்கள். தையல் இயந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி மேலே ஏற்றினார்கள். வழியெல்லாம் ஐவர் வாயை மூடவில்லை.

"கடைசில உன்னை இறக்கிட்டாளா?"

"யாரும் இறக்கல. நானா எடுத்த முடிவு."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. என் தொட்டி மட்டும் வரவேற்பறையை விட்டு ஒரு அங்குலம் நகராது. சோல்வெய்க் மூச்சு விடமாட்டா."

மாலைக்குள் கீழே எல்லாம் அடுக்கியாகிவிட்டது. பவளங்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. கோமாளிகள் வரிசையாகப் போனார்கள். பெரிது முன்னால், சிறிது பின்னால். மேலே மார்லிசின் இயந்திரம் சந்தோஷமாக உறுமத் தொடங்கியது. மோசமில்லை என்று நினைத்துக்கொண்டான் ஆர்லன். சங்கத்தாருக்குக் காட்டக் கடல் இருக்கிறது. சத்தியத்தைப் பற்றி இனி யாரும் கேட்கப்போவதில்லை. கஷ்டமில்லாமல் தப்பித்தாயிற்று. டாம்செல்லை மீன் கடையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

மீன் கடைக்காரி கைசா, அவன் கதவைத் திறந்ததுமே தலை நிமிர்ந்தாள்.

"வாங்க ஆர்லன். வேலை முடிஞ்சுதா?"

"எந்த வேலை?"

"அதுக்குத்தான்," என்று வாளியைக் காட்டினாள். பக்கத்தில் காலியாக ஒரு சின்னத் தொட்டி, விளக்குப் போட்டுத் தயாராக இருந்தது. "சனிக்கிழமை சாயங்காலம் கொண்டு வருவீங்கன்னு மார்லிஸ் சொன்னாங்க. இடம் பண்ணி வெச்சிருக்கேன்."

"எப்ப சொன்னா?"

"இதை எடுத்துட்டுப் போனப்பவே."

"மார்லிஸ்... இதை வாங்கினாளா?"

"வாங்கலையே. இரவல்தான். இவனை நான் விக்கறதே இல்ல. வீடு வீடாப் போய்ட்டு வந்துருவான்." கைசா வாளிக்குள் எட்டிப் பார்த்து, "நல்லாச் சாப்பிட்டிருக்கானே! இறால் போட்டீங்களா?" என்றாள்.

ஆர்லன் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வாளியை வாங்கிக்கொண்டது. ஐவரின் மனைவி சோல்வெய்க். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, முகத்தில் சர்ச்சுக்குப் போகிற சிரிப்பு.

"தொட்டியெல்லாம் வேண்டாம் கைசா, நான் இப்படியே கொண்டு போயிடறேன்," என்றாள். பிறகு ஆர்லன் பக்கம் திரும்பினாள். "மாடிப்படியில தொட்டியை இடிக்காம இறக்கறதுல நீங்கதான் கெட்டிக்காரர்னு மார்லிஸ் சொன்னா. அடுத்த சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துடுங்க ஆர்லன். வர்றீங்கன்னு அவ ஏற்கெனவே சொல்லிட்டா."